அயலூரில் ஆசிரியர்: முஸாபிரா? முகீமா?



நம் புதுச்சேரி முஸ்லிம் வீடுகளில் கடல் கடந்து போகாத ஒருவராவது இல்லாத வீடு அரிது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் நம் பாட்டனார்கள் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போனவர்கள் அங்கே கடை வைத்தார்கள், உத்தியோகம் பார்த்தார்கள். 1935-ல் தென்னிந்திய முஸ்லிம்கள் அந்நகரின் நடுவே கட்டிய பள்ளிவாசல், ஊரின் பெயர் ஹோ சி மின் நகர் என்று மாறிய பிறகும் இன்றுவரை பாங்கோசையுடன் நிற்கிறது. 1954-ல் நம் ஊர் இந்தியாவோடு இணைந்து, 1962-ல் அது சட்டப்படி உறுதியான பின், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் பாரிஸுக்குப் போனார்கள். பிறகு வளைகுடா நாடுகள். இப்போது நம் பிள்ளைகள் எம்.ஏ., பி.எட். படித்து ஆங்கில ஆசிரியர்களாக மாலத்தீவுக்கும் பிற நாடுகளுக்கும் போகிறார்கள்.

போகிறவருக்குப் பெட்டி கட்டித் தர வீட்டில் பத்துப் பேர் உண்டு. ஊறுகாய், கருவேப்பிலைப் பொடி, இரண்டு லுங்கி, சான்றிதழ்களின் நகல் என்று எதுவும் விடுபடாது. ஆனால் பயணத்தின் மார்க்கச் சட்டத்தை யார் கட்டித் தருகிறார்கள்? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதே. பாடத்திற்குக் காரணமாக இருந்தவர் நம் மஹல்லாவின் ஓர் இளைஞர். அவருடைய அனுமதியுடன், பெயரை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

வந்த கேள்வி

முல்லா வீதிப் பக்கத்தில் நான் பிள்ளைகளுக்கு பிக்ஹுப் பாடம் நடத்தும் இடத்திற்கு, ஒரு நாள் அஸருக்குப் பின் அவர் வந்தார். மாலத்தீவில் ஒரு சிறு தீவின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறார். முதல் பருவ விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார்.

“ஹஜ்ரத், நான் போய்ப் பதினொரு வாரம் ஆச்சு. ஊர் புதுச்சேரிதானே? அங்கே நான் முஸாபிர். அதனால கஸ்ரு பண்ணித்தான் தொழுதுகிட்டு வந்தேன். இங்கே அத்தாகிட்ட சொன்னேன், அவங்களுக்குச் சந்தேகமா இருக்கு. உங்ககிட்ட கேட்கச் சொன்னாங்க” என்றார்.

“தம்பி, ஒப்பந்தம் எத்தனை காலம்?” என்று கேட்டேன்.

“இரண்டு வருஷம், ஹஜ்ரத்.”

“தீவுக்குப் போய் இறங்கும்போதே இரண்டு வருஷம் இருக்கப் போகிறோம் என்று தெரியுமா?”

“தெரியும்.”

நான் சற்று நேரம் பேசவில்லை. பதினொரு வாரத் தொழுகையைப் பற்றிய பேச்சல்லவா! அவருக்குச் சொன்ன விளக்கத்தை வாசகர்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

பயணம் எங்கே தொடங்குகிறது?

பயணத்தில் தொழுகையைச் சுருக்கும் அனுமதி அல்குர்ஆனின் 4-வது அத்தியாயம் 101-வது வசனத்திலிருந்து கிடைக்கிறது. அல்லாஹ் தஆலா தன் அடியார்களுக்கு அளித்த தர்மம் அது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். நான்கு ரக்அத்துள்ள லுஹர், அஸர், இஷா ஆகிய மூன்றும் இரண்டாகும். சுபுஹும் மஃரிபும் சுருங்குவதில்லை.

தூரத்தை நம் முன்னோர் இரண்டு மர்ஹலா என்றும் 48 மைல் என்றும் கணக்கிட்டார்கள். ஷாபிஈ மத்ஹபில் இன்றைய அளவில் 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கணக்கிடும் முறையில் உலமாக்களிடையே சிறு வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் நம் நாட்டு உலமாக்கள் சுமார் 77 கிலோமீட்டர் என்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். ஆகவே சென்னைக்குப் போகிறவர் இரு மத்ஹபின்படியும் முஸாபிரே. ஷாபிஈயில் சுருக்குவது அனுமதி. ஹனஃபியில் அது வாஜிப்.

ஆனால் வீட்டு வாசலிலேயே பயணி ஆகிவிட முடியாது. ஊரின் கட்டடங்களைக் கடந்த பின்புதான் சலுகை வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவருக்கு முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பம் தொடர்கிறது. அது தமிழ்நாட்டின் எல்லையில் உள்ள வேறு ஊர்தான் என்றாலும், வீடுகள் ஒட்டியே இருப்பதால் அந்த வீடுகளும் ஓய்ந்த பிறகு சலுகையைத் தொடங்குவது பேணுதலாகும்.

பயணம் எங்கே முடிகிறது?

நம் இளைஞர் தவறியது இந்த இடத்தில்தான். பலரும் தவறுகிறார்கள்.

ஊருக்குத் திரும்பினால்தான் பயணம் முடியும் என்று அவர் எண்ணிவிட்டார். அப்படியல்ல. போய்ச் சேர்ந்த இடத்தில் குறிப்பிட்ட நாள் தங்குவதாக நிய்யத் இருந்தால், அங்கே இறங்கியதும் பயணம் முடிந்துவிடுகிறது. ஷாபிஈ மத்ஹபில், வந்த நாளையும் புறப்படும் நாளையும் சேர்க்காமல் நான்கு முழு நாட்கள் தங்கும் எண்ணம் இருந்தால் அவர் முகீம், அதாவது தங்கியிருப்பவர். ஹனஃபி மத்ஹபில் ஒரே ஊரில் பதினைந்து நாள் தங்கும் எண்ணம் இருந்தால் முகீம். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறவர் எந்த மத்ஹபில் பார்த்தாலும் முகீம்தான். அவர் கஸ்ரு செய்யக் கூடாது. ஜம்உ செய்யவும் கூடாது.

“அப்ப வழியிலே தொழுதது?” என்று கேட்டார் தம்பி.

வழியில் தொழுததில் குறை இல்லை. சென்னையில் ஒரு நாள், பிறகு விமானம், தலைநகர் மாலேயில் தீவுக்குப் போகும் படகுக்காக இரண்டு நாள் காத்திருந்தது என இவை யாவும் பயணமே. நான்கு நாள் தங்கும் எண்ணம் மாலேயில் அவருக்கு இல்லை. கடல் மோசமாகி, இன்று படகு போகும், நாளை போகும் என்று எதிர்பார்த்தே நாள் கடந்திருந்தாலும் ஷாபிஈ மத்ஹபில் பதினெட்டு நாள் வரை சுருக்கலாம். ஷாபிஈகள் அந்நாட்களில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபிகளுக்கு அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர அவ்வாறு சேர்ப்பது இல்லை.

படகில் பர்ளு தொழும்போது இயன்றால் நின்று தொழ வேண்டும். அலையில் விழுந்துவிடுவோம் என்ற அச்சமோ தலைசுற்றலோ இருந்தால் உட்கார்ந்து தொழலாம். படகு திரும்பினால் தொழுபவரும் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். தீவுகளுக்கிடையே ஓடும் அந்தப் படகுக்கு அவர்கள் மொழியிலும் தோணி என்றுதான் பெயர்!

கணக்குப் பார்த்தோம்

பிறகு நாங்கள் இருவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பதினொரு வாரம் என்றால் 77 நாள்.

சுபுஹும் மஃரிபும் முழுமையாகவே தொழப்பட்டவை, அவை கூடிவிட்டன. ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளிக்கூட நாட்கள். அந்நாட்களில் லுஹரை மாணவர்களுடன் ஜமாஅத்தாக, உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் பின்னால் நான்கு ரக்அத் என்றே நிய்யத் செய்து தொழுதிருந்தார். முழுமையாகத் தொழுவிக்கும் இமாமைப் பின்பற்றுகிறவர் முஸாபிராயினும் முழுமையாகவே தொழ வேண்டும் என்ற சட்டம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவையும் கூடின.

அஸரும் இஷாவும் அறையில் தனியே, இரண்டிரண்டு ரக்அத். நாள் ஒன்றுக்கு இரண்டு வீதம் 154 தொழுகைகள். “சில நாள் பள்ளிவாசலுக்குப் போயிருக்கேன் ஹஜ்ரத், எத்தனை நாள்னு நினைவில்லை” என்றார். முறையாக நிறைவேறியது என்று உறுதியாகத் தெரியாததைக் களாச் செய்வதே கடமை. ஆகவே 154-ஐயும் எழுதினோம். விடுமுறையான சனிக்கிழமைகளில் லுஹரும் தனியே, இரண்டு ரக்அத், அவை பதினொன்று. மூன்று வெள்ளிக்கிழமைகளில், முஸாபிருக்கு ஜும்ஆ கடமை இல்லையே என்று அறையிலேயே லுஹரைச் சுருக்கித் தொழுதிருந்தார், அவை மூன்று. ஆக மொத்தம் 168.

தாளைப் பார்த்து அவர் முகம் வாடிவிட்டது. “அத்தனையும் வீணா ஹஜ்ரத்?” என்றார்.

வீணென்று நான் சொல்லவில்லை. அடியான் அறியாமல் செய்த முயற்சியை ரப்பு அறிவான். அதன் கூலி அவனிடம் உள்ள விஷயம். ஆனால் கடமை கடமையாகவே நிற்கிறது. கடன் கொடுத்தவருக்கு ஆயிரம் ரூபாய் தர வேண்டிய இடத்தில் தவறான கணக்கால் ஐந்நூறு கொடுத்தவர், தவறு தெரிந்ததும் மீதியைக் கொடுக்கத்தான் வேண்டும். தொழுகையிலோ மீதி இரண்டு ரக்அத்தை மட்டும் தனியே கொடுக்க வழியில்லை. நான்கையும் மீண்டும் தொழ வேண்டும்.

வழி எளிது. ஒவ்வொரு நாளும் அஸருடன் ஒன்று, இஷாவுடன் ஒன்று என்று இரண்டு தொழுதால் 84 நாளில், அதாவது பன்னிரண்டு வாரத்தில் 168-ம் தீர்ந்துவிடும். விடுமுறை நாட்களில் அதிகம் தொழுதால் இன்னும் விரைவில் தீரும். சமையலறைச் சுவரில் மாட்டும் நாட்காட்டியில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வரச் சொன்னேன். ஜும்ஆவை விட்டதற்குக் களாவாக லுஹர் தொழுவதோடு தவ்பாவும் செய்ய வேண்டும்.

ஜும்ஆவில் ஒரு நுட்பம்

இங்கே நம் ஷாபிஈ கிதாபுகள் சொல்லும் ஒரு நுட்பத்தை வீட்டார் யாவரும் அறிவது நல்லது. ஓர் ஊரில் இருப்பவர் மூவகைப்படுவர். வழிப்போக்கரான முஸாபிர் ஒருவர். அவருக்கு ஜும்ஆ கடமையில்லை, தொழுதால் கூடும். அவ்வூரையே தம் ஊராகக் கொண்டு நிலையாக வாழ்பவர் முஸ்தவ்தின். ஜும்ஆ அவருக்குக் கடமை. ஜும்ஆ நிறைவேறத் தேவையான நாற்பது பேரில் அவர் எண்ணப்படுவார். இவ்விருவருக்கும் இடையில் இருப்பவர் முகீம். வேலைக்காகவோ படிப்புக்காகவோ தங்கி, ஒரு நாள் ஊர் திரும்பும் எண்ணத்தில் இருப்பவர் அவர். அவருக்கும் ஜும்ஆ கடமைதான். ஆனால் நாற்பதில் அவர் எண்ணப்படமாட்டார்.

வெளிநாட்டில் பணிசெய்யும் ஆசிரியரின் நிலை முழுவதும் இந்த ஒரு சட்டத்தில் அடங்கியிருக்கிறது. ஊரின் கடமைகள் அவர் தலையில் ஏறிவிடுகின்றன. ஊரின் சொந்தக்காரர் என்ற எண்ணிக்கையில் மட்டும் அவர் சேர்வதில்லை. ‘என்னை இவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை, எனக்கென்ன கடமை?’ என்று அவர் சொல்ல முடியாது.

அறையில் அடைந்த காரணம்

கணக்கு முடிந்த பின் தம்பியிடம் மெல்லக் கேட்டேன்: “பள்ளிவாசல் தூரமா?”

“இல்லை ஹஜ்ரத். தீவே அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்.”

“பின் ஏன் அஸரையும் இஷாவையும் அறையில் தொழுதீர்?”

அப்போதுதான் உள்ளத்தில் இருந்தது வெளிவந்தது. முதல் மாதச் சம்பளம் தாமதமாயிற்று. வேலை வாங்கித் தந்த ஏஜெண்டுக்குக் கொடுக்க அத்தா வாங்கிய கடன் கண்முன் நின்றது. தங்க இடம் மற்ற மூவருடன் ஒரு சிறு அறை. வகுப்பில் அவர் பேசும் ஆங்கிலம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அவர்கள் தமக்குள் திவெஹி மொழியில் பேசிச் சிரித்தால் தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. ஒரு மாணவனின் தாயார் இரண்டு முறை மீன் குழம்பும் ரொஷியும் கொடுத்தனுப்பினார். பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் பையனிடமே கொடுத்துவிட்டார். “நாள் எண்ணிக்கிட்டே இருந்தேன் ஹஜ்ரத். முஸாபிர்தானேன்னு சொல்லிக்கிட்டா மனசுக்குக் கொஞ்சம் லேசா இருந்துச்சு” என்றார்.

வாசகர்களே! இளைஞரை நாம் குறைகூறிவிடக் கூடாது. இருபத்து நான்கு வயதில் முதன்முதலாகக் கடல் கடந்தவர். ஆயினும் நோய் எங்கிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உடல் முகீமாகிவிட்டது; உள்ளம் முஸாபிராகவே நின்றுவிட்டது. தொழுகையில் நேர்ந்த பிழைக்கு வேர் அந்த உள்ளத்தில் இருந்தது. தங்குவதென்று நிய்யத் செய்துவிட்டால் தங்குகிறவராகவே வாழ வேண்டும்.

இளம் ஆசிரியர் ஒருவரின் முன்மாதிரி

இவருக்கு நான் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினேன். மக்காவில் செல்வ வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த அந்த இளைஞரை நபி (ஸல்) அவர்கள், முதல் அகபா உடன்படிக்கைக்குப் பின், குர்ஆன் கற்பிக்கும் ஆசிரியராக மதீனாவுக்கு அனுப்பிவைத்தார்கள். அது ஹிஜ்ரத்துக்கு முந்திய ஆண்டு. அவருக்கு அங்கே சொந்தம் என்று யாருமில்லை. அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் வீட்டில் தங்கி, அவ்வூர்க்காரர்களோடு உண்டு, அவர்கள் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் சென்று கற்பித்தார். உஸைத் இப்னு ஹுளைர் ஈட்டியோடு கோபமாக வந்து நின்றபோதும், உட்கார்ந்து கேளுங்கள், பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்கிறோம் என்ற கருத்தில் அமைதியாகப் பேசினார். வந்தவர் ஈட்டியை நட்டுவிட்டு உட்கார்ந்தார், இஸ்லாத்தையும் ஏற்றார். அயலூர் ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

முஆத், அபூமூஸா (ரலி) ஆகிய இருவரையும் யமனுக்கு அனுப்பும்போது, எளிதாக்குங்கள், சிரமப்படுத்தாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் உபதேசித்ததையும் ஆசிரியர்கள் மறக்கலாகாது.

மொழி தெரியாத குறைக்கும் மருந்து உண்டு. நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை அரை மாத காலத்தில் கற்றுக்கொண்டார்கள். திவெஹி மொழியைத் தானா என்னும் எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபி எண்களின் வடிவிலிருந்து பிறந்தவை. குர்ஆன் ஓதத் தெரிந்த நம் பிள்ளைக்கு அதைப் பழகுவது பெரிய காரியமல்ல. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறவர் அவர்களிடம் தினம் ஐந்து சொல் கற்றுக்கொண்டால், வகுப்பில் எழும் சிரிப்பு வேறாகிவிடும்.

அந்த நாட்டை அறிந்து போங்கள்

போகிற நாட்டைப் பற்றி அறியாமல் போவதும் தனிமைக்கு ஒரு காரணம். மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. கி.பி. 1153-ல் அந்நாட்டு மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார். நெடுங்காலமாக அங்கே வழக்கில் இருப்பது நம் கரையோர மக்களுக்குப் பழக்கமான ஷாபிஈ மத்ஹபுதான். நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடு அந்தத் தீவுகளிலிருந்து நூற்றாண்டுகளாக வந்த சரக்கு. ஆக, அது முற்றிலும் அந்நிய நாடல்ல.

மாலேயில் மஜீதிய்யாப் பள்ளி 1927-ல் தொடங்கியது. 1960-61 வாக்கில் ஆங்கிலவழிக் கல்வி வந்தபோது இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் அழைக்கப்பட்டார்கள். பிறகு இந்திய ஆசிரியர்களும் பெருமளவில் சென்றார்கள். அதற்கு முன்பே ஒவ்வொரு தீவிலும் எதுருகே என்னும் வீட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் குர்ஆனும் எழுத்தும் கற்றுவந்தார்கள். ஆசிரியருக்கு எதுரு என்று பெயர். ஆசிரியரை மதிக்கும் பழக்கம் அங்கே புதிதல்ல.

அங்கே போய்க் காஜியாகவே பணியாற்றிய வெளிநாட்டார் ஒருவரையும் சரித்திரம் அறியும். மொராக்கோவின் இப்னு பதூதா 1343-ல் அத்தீவுகளுக்கு வந்தார். அவர் ஜும்ஆவுக்கு வராதவர்களைத் தண்டித்ததையும், பெண்களின் உடையை மாற்ற முயன்று முடியாமற் போனதையும் தாமே எழுதி வைத்திருக்கிறார். முடிவில் அமைச்சருடன் மனக்கசப்பாகி, மறு ஆண்டே வெளியேறினார். கல்வியில் அவர் பெரியவர்தான். ஆனால் வந்த சில நாளிலேயே ஊரைத் திருத்தப் புறப்படும் அந்நியருக்கு என்ன நேரும் என்பதற்கு அவருடைய கதை ஒரு படிப்பினை.

கிப்லா விஷயத்திலும் கவனம் தேவை. புதுச்சேரியில் நாம் நேர் மேற்கிலிருந்து சுமார் 19 பாகை வடக்கே சாய்ந்து நிற்கிறோம். மாலேயில் அது சுமார் 31 பாகை. ஊர்ப் பழக்கத்தில் அறையில் விரிப்பைப் போட்டுவிடக் கூடாது. மாலேயில் 1658-ல் பவளக் கற்களால் கட்டப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளியில், கட்டடம் ஒரு திசையிலும் தொழுகை வரிசைகள் கோணலாக வேறு திசையிலும் இருப்பதை இன்றும் காணலாம். நேரமும் இந்திய நேரத்தைவிட அரை மணி பின்தங்கியது. உள்ளூர் வக்து அட்டவணையையே பார்க்க வேண்டும்.

நோன்பும் பெருநாளும்

ரமலானில் பயணம் செய்ய நேர்ந்தால் அல்குர்ஆன் 2:185-ன்படி நோன்பைப் பிற்படுத்தும் சலுகை உண்டு. பிறகு களாச் செய்ய வேண்டும். ஆனால் சுபுஹு நேரம் வந்த பின்பு ஊரைவிட்டுப் புறப்படுகிறவர், தொடங்கிவிட்ட அன்றைய நோன்பை முறிக்கலாகாது. தீவில் தங்கிவிட்டவருக்கோ இந்தச் சலுகை கிடையாது.

பிறை இங்கு ஒரு நாளும் அங்கு ஒரு நாளுமாகத் தென்பட்டால், போய்ச் சேர்ந்த ஊராரோடுதான் நோன்பும் பெருநாளும். அவர்களோடு பெருநாள் கொண்டாடும்போது தமக்கு 28 நோன்புதான் ஆகியிருந்தால், பிறகு ஒரு நோன்பைக் களாச் செய்ய வேண்டும். ஃபித்ராவை ஷாபிஈ மத்ஹபின்படி அவரவர் இருக்கும் ஊரில் கொடுக்க வேண்டும். மகனுடைய ஃபித்ரா தீவின் ஏழைகளுக்கு. அவர் பொறுப்பில் இங்கிருக்கும் பெற்றோரின் ஃபித்ரா புதுச்சேரி ஏழைகளுக்கு.

சம்பளம் ஹலாலாக

உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி அல்குர்ஆன் 5:1 கட்டளையிடுகிறது. ஆசிரியரின் ஒப்பந்தத்தில் எழுதிய மணி நேரமும் பாட அளவும் அமானிதம். அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைப் பற்றிய 83-வது அத்தியாயத்தின் எச்சரிக்கை தராசு பிடிப்பவருக்கு மட்டுமல்ல. நாற்பது நிமிட வகுப்பில் இருபது நிமிடம் கைப்பேசியைப் பார்ப்பவருக்கும்தான். தனிப்பட்ட டியூஷன் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஒளித்து நடத்தக் கூடாது. சம்பளம் தாமதமானால் முறைப்படி எழுதிக் கேட்கலாம். அதற்காக வகுப்பில் பிள்ளைகளின் உரிமையைக் குறைக்கலாகாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை அனுப்ப வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். அந்தச் சுமையோடு போகும் பிள்ளை, வகுப்பில் நிற்கும்போதும் கடன்காரரைத்தான் பார்க்கிறான். புறப்படுமுன் ஒப்பந்தத்தைப் படித்தறிந்தவரிடம் காட்டி, சம்பளம், தங்குமிடம், விடுமுறை, திரும்பும் பயணச் செலவு ஆகிய நான்கையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆசிரியப் பயிற்சி பெற்ற நம் பெண்மக்களுக்கும் இவ்வழைப்புகள் வருகின்றன. இத்தகைய பயணத்திற்குக் கணவரோ மஹ்ரமான ஆணோ உடன் வருவது இரு மத்ஹபிலும் சொல்லப்பட்ட நிபந்தனை. கணவனும் மனைவியுமாகப் பணிக்குச் செல்வது நலம்.

பிறகு நடந்தது

விடுமுறை முடிந்து தம்பி திரும்பிப் போனார். போகுமுன் குத்பா பள்ளியில் என்னோடு அஸர் தொழுதார். அதன்பின் ஒரு களாவையும் நிறைவேற்றிவிட்டுத்தான் எழுந்தார். மூன்று மாதம் கழித்து ஒரு ஜும்ஆ நாளில் தொலைபேசியில் அழைத்தார்.

“ஹஜ்ரத், 168-ம் முடிஞ்சிருச்சு. களாவுக்காகத்தான் பள்ளிவாசலுக்குப் போக ஆரம்பிச்சேன். தினம் அஸருக்குப் பிறகு இன்னொரு தொழுகை தொழுறதைப் பார்த்துட்டு ஒரு பெரியவர் என்னன்னு கேட்டாங்க. பாதி அரபி, பாதி அவங்க பாஷையில சொன்னேன். மறுநாள்லேர்ந்து நான் தொழுது முடிக்கிற வரைக்கும் வாசல்ல காத்துக்கிட்டிருந்து, கூடவே வீடு வரைக்கும் பேசிக்கிட்டு வர்றாங்க” என்றார்.

“ஊர் ஞாபகம்?” என்றேன்.

“அது போகல ஹஜ்ரத். ஆனா நாள் எண்றதை விட்டுட்டேன்.”

மீன் குழம்பு அனுப்பிய வீட்டுக்கு இங்கிருந்து கொண்டுபோன முறுக்கைக் கொடுத்து, அவர்கள் மொழியிலேயே நன்றி சொன்னாராம். சம்பளம் இன்னும் சில மாதம் தாமதமாகத்தான் வருகிறது. கடனும் முழுதாக அடையவில்லை. எல்லாச் சிரமமும் தீர்ந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அவர் தம் நிலையை அறிந்துகொண்டார்: அவர் முகீம்.

பாடச் சுருக்கம்

1. ஊரின் கட்டடங்களைக் கடந்ததும் பயணச் சலுகை தொடங்கும்.

2. போய்ச் சேர்ந்த ஊரில் நான்கு முழு நாள் (ஹனஃபியில் பதினைந்து நாள்) தங்கும் நிய்யத் இருந்தால் இறங்கியதும் சலுகை முடியும்.

3. ஒப்பந்தத்தில் தங்கியிருப்பவருக்கு ஜும்ஆ கடமை. ஷாபிஈ மத்ஹபில் நாற்பதில் அவர் சேரமாட்டார்.

4. அறியாமல் சுருக்கித் தொழுதவற்றைக் கணக்கிட்டு, நான்காகக் களாச் செய்ய வேண்டும்.

5. நோன்பும் பெருநாளும் இருக்கும் ஊராரோடு.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீட்டார் இவ்விதழை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். “சாப்பிட்டாயா?” என்று தினமும் கேட்கிறோம், “அஸரை எங்கே தொழுதாய்?” என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பிள்ளை தனித்திருக்கிறானா, மக்களோடு இருக்கிறானா என்பது தெரிந்துவிடும்.

வல்ல நாயன் அல்லாஹ், கடல் கடந்து கற்பிக்கும் நம் மக்களின் தொழுகையை முழுமையாக்கி, அவர்கள் ஊதியத்தை ஹலாலாக்கி, தங்கும் இடத்தில் நல்ல அண்டை வீட்டாரைத் தந்து, ஈமானோடு நலமாக வீடு திரும்ப அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.